என் ஓட்டு நர்ஸ் ஜாய்க்குத்தான்!



இந்த மாதச் சுவர் இதழுக்கு 'எனக்குப் பிடித்த கார்ட்டூன் நாயகன்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நாயகன் என்று போட்டதாலோ என்னவோ, எங்க வகுப்புல எல்லாரும் ஆம்பளப் பேராத்தான் சொன்னாங்க. சோட்டா பீம், டோரேமான், சின்சான், ஆஷ். போக்கிமான் பார்க்கிறவங்களில் பாதிப் பேருக்கு பிக்காச்சு, மீதிப் பேருக்கு நெருப்பு கக்குகிற சாரிசார்டு. நான் 'நர்ஸ் ஜாய்' என்று சொன்னதும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். "அது டம்மி கேரக்டர்ப்பா. ரெண்டு நிமிஷம் வரும், போயிரும்" என்றான் ஒருத்தன்.

ரெண்டு நிமிஷம்தான் வருகிறார், உண்மை. ஆனால் அந்த ரெண்டு நிமிஷத்தை எடுத்துவிட்டால் போக்கிமான் கதையே ஓடாது. இது என் முதல் கருத்து. ஜாய் மாதிரி ஆட்களை டம்மி என்று நினைக்கிற பழக்கம் நம்ம ஊருக்கும் நல்லதில்லை. இது என் இரண்டாவது கருத்து. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

போக்கிமான் தெரியாதவர்களுக்கு

சடோஷி தஜிரி என்ற ஜப்பான்காரர் சின்ன வயதில் வயல், குளம் எல்லாம் சுற்றிப் பூச்சி பிடித்து விளையாடியவர். பெரியவரான பிறகு அந்த ஞாபகத்தை வைத்துத்தான் இந்த வீடியோ கேமை உருவாக்கினார். 1996 பிப்ரவரி 27-ல் ஜப்பானில் வெளிவந்தது. 1997 ஏப்ரலில் டி.வி. தொடராகவும் வந்தது. அதுதான் பிறகு நம்ம வீட்டு டி.வி.யில் தமிழ் பேசியது.

கதை ரொம்பப் பெரிசு இல்லை. காட்டிலும் புல்லிலும் இருக்கிற விநோத ஜந்துக்களைப் பிடிக்க வேண்டும், பழக்க வேண்டும், மற்றவர்களுடைய ஜந்துக்களோடு மோத விட வேண்டும். நாம மழை பெய்ததும் பொன்வண்டு பிடித்து, தீப்பெட்டிக்குள் இலை தழை போட்டு வளர்ப்போமே, அதே விளையாட்டுதான். தீப்பெட்டிக்குப் பதிலாக அங்கே ஒரு பந்து. நம்ம பொன்வண்டு ரெண்டு நாளில் தீப்பெட்டிக்குள்ளேயே செத்துப் போகும். போக்கிமானில் அப்படி ஆகாது. ஏன்? அங்கே நர்ஸ் ஜாய் இருக்கிறார்!

ஜாய் என்ன செய்கிறார்?

எங்க பெரியப்பா மகன் போனில் 'ஃபயர் ரெட்' என்ற போக்கிமான் கேம் இருக்கிறது. லீவு நாளில் எனக்கும் கொடுப்பான். அதில் எந்த ஊருக்குப் போனாலும் அநேகமாக ஒரு போக்கிமான் சென்டர் இருக்கும். கவுண்டருக்குப் பின்னால் நர்ஸ் நிற்பார். அடிபட்ட போக்கிமான்களைக் கொடுத்தால், ஆறு பந்தையும் வரிசையாக மெஷினில் வைப்பார். ஒரு சின்ன இசை வரும். எல்லாம் குணமாகிவிடும். பைசா கிடையாது. நீ ஜெயித்தவனா தோற்றவனா என்று கேட்க மாட்டார். நீ புதிதாக வந்தவனா, பெரிய வீரனா என்றும் பார்க்க மாட்டார். ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் கதவு திறந்திருக்கும்.

அந்த கேமில் விஷம் ஏறின போக்கிமானோடு நடந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். சில எட்டு வைத்தால் ஒரு புள்ளி உயிர் குறையும். மறுபடி சில எட்டு, இன்னொரு புள்ளி. ஸ்கிரீன் ஒரு வெட்டு வெட்டும். சென்டர் எங்கே, சென்டர் எங்கே என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தச் சிவப்புக் கூரை கண்ணில் பட்டதும் வருகிற நிம்மதி, சண்டையில் ஜெயித்தால்கூட வராது. எல்லா போக்கிமானும் மயங்கி விழுந்து நீ முழுசாகத் தோற்றுப் போனாலும் கடைசியில் கண் விழிப்பது பெரும்பாலும் அந்த நர்ஸ் முன்னால்தான்.

இன்னொன்று. 1999-ல் வந்த 'கோல்டு', 'சில்வர்' கேம்களில் போக்கிரஸ் என்று ஒரு கிருமி உண்டு. கெட்ட கிருமி இல்லை. அது வந்தால் போக்கிமான் சீக்கிரம் பலமாக வளரும். நம்ம போக்கிமானுக்கு அது வந்திருப்பதே நமக்குத் தெரியாது. சென்டருக்குப் போனால் அதைப் பார்த்துச் சொல்கிறவர் நர்ஸ்தான். நாம கூடவே வைத்துக்கொண்டு சுற்றினாலும் நம் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படுகிறது.

இவருக்கு உதவியாக சான்சி என்று ஒரு குண்டு ரோஸ் கலர் போக்கிமான் இருக்கும். வயிற்றுப் பையில் முட்டை வைத்திருக்கும். அடிபட்டவர்களுக்கு அந்தச் சத்தான முட்டையைக் கொடுக்குமாம். நம்ம சத்துணவு முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்!

இதே போக்கிமானில் 'போக்கிமான் கோ' என்று 2016-ல் ஒன்று வந்தது. ரோட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து பிடிக்கிற விளையாட்டு. அதில் அடிபட்டால் போக்கிமான் சென்டருக்குப் போக முடியாது. மருந்து பாட்டிலை நாமே எடுத்துத் தெளித்துக்கொள்ள வேண்டும். போக்கிமான் பிழைத்துக்கொள்ளும், அது சரி. ஆனால் "எங்கிட்ட கொடு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. மருந்துக்கும் நர்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

சிரிக்கிற பொம்மை இல்லை

"ஜாய் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கும். நம்ம ஆஸ்பத்திரி நர்ஸு வள்ளுன்னு விழும்" என்று என் தோழி சொன்னாள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் டி.வி. தொடரின் இரண்டாவது பாகத்திலேயே இருக்கிறது.

ஆஷ் முதல் நாளே தன் பிக்காச்சுவைக் குற்றுயிராகத் தூக்கிக்கொண்டு விரிடியன் நகரத்து சென்டருக்கு வருகிறான். போலீஸ் அக்காவின் மோட்டார் பைக் சென்டருக்குள்ளேயே பாய்ந்து நிற்கிறது. ஜாய் சிரித்தாரா? இல்லை. வண்டியோடு உள்ளே வந்ததற்கு ஒரு திட்டு. போக்கிமானை இந்த நிலைமைக்கு விட்டதற்கு இன்னொரு திட்டு. திட்டிக்கொண்டே பிக்காச்சுவை உள்ளே கொண்டு போய் வைத்தியம் ஆரம்பித்துவிட்டார். அக்கறை இருக்கிறவர்களுக்குத்தான் கோபம் வரும். நம்ம வீட்டில் அம்மா திட்டுவது எதனால்?

அதே ராத்திரி ராக்கெட் கும்பல் சென்டரைத் தாக்குகிறது. கரண்ட் போய்விடுகிறது. சென்டரில் இருக்கிற பிக்காச்சுக்களை வைத்து ஜாய் கரண்ட் எடுக்கிறார். மற்றவர்களுடைய போக்கிமான் பந்துகளை ஒவ்வொன்றாக அடுத்த ஊர் சென்டருக்கு அனுப்பிக் காப்பாற்றுகிறார். முதலில் தான் தப்பிக்கலாம் என்று நினைக்கவில்லை.

இன்னொரு பாகத்தில் வருகிற ஜாய், சென்டரில் உட்கார்ந்தே இருக்க மாட்டார். வெயிலில் கறுத்த உடம்பு, துடுப்புப் போட்டு உரமேறின கை. சின்னப் படகைத் தானே ஓட்டிக்கொண்டு தீவு தீவாகப் போய், சொந்தக்காரன் இல்லாத காட்டுப் போக்கிமான்களுக்கும் மருந்து போடுகிறார். எனக்கு எல்லா ஜாயையும்விட இவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் இவரை நான் நம்ம ஊரிலேயே பார்த்திருக்கிறேன். படகு இல்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊர் ஜாய்

கிராம சுகாதார செவிலியரைத்தான் சொல்கிறேன். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது சமவெளிக் கணக்கு. அந்த 5,000 பேரில் யார் மாசமாக இருக்கிறார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி, யாருக்குப் பிரஷர், யாருக்குச் சுகர் எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். புதன்கிழமை தடுப்பூசி நாள். கைப்பிள்ளைக்காரர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். வராதவர்கள் வீட்டுக்கு இவரே தேடிப் போவார். "பிள்ளைக்குக் காய்ச்சல் வருது, ஊசி வேண்டாம்" என்று கதவைச் சாத்துகிற பாட்டியிடம் பொறுமையாகப் பேசி, கடைசியில் போட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

நம்ம ஊர் மாரியம்மனைத் தேடி எங்கிருந்தோ எல்லாம் வருகிறார்கள். அம்மை இறங்கினாலும் கண்ணில் கோளாறு என்றாலும் அம்மாவிடம் நேர்ந்துகொள்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரியம்மை வந்தால் பிழைத்தவர்களுக்கும் முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் பார்வையே போகும். அந்தப் பெரியம்மை 1975-க்குப் பிறகு நம் நாட்டில் இல்லை. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். இயற்கையாகப் பரவுகிற போலியோக் கிருமியாலும் 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் பெயர் அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. அதை வீடு வீடாகக் கொண்டு போனவர்கள் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஆடிக் கடைசி வெள்ளிக்குப் பாதயாத்திரை வருகிறவர்கள் காலைப் பார்த்திருப்பீர்கள். தார் ரோட்டில் நடந்து பாதமெல்லாம் கொப்புளமாக இருக்கும். நாமெல்லாம் ராட்டினத்தையும் வளையல் கடையையும் பார்த்துக்கொண்டு சுற்றுகிற நேரத்தில், யாரோ ஒரு அக்கா உட்கார்ந்து அந்தக் காலுக்கெல்லாம் மருந்து போட்டுக்கொண்டிருப்பார்.

நம்ம பள்ளிக்கூடத்தில் வாராவாரம் நீல நிற மாத்திரை தருகிறார்களே, அது இரும்புச்சத்துக் குறையாமல் இருப்பதற்கு. "கசக்குது" என்று ஜன்னல் வழியாகத் தூக்கிப் போடுகிறவர்கள் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தே "ரத்தம் கம்மியா இருக்கு, கீரை சாப்பிடு" என்று நர்ஸ் அக்கா சொல்கிறார்கள். போக்கிரஸைக் கண்டுபிடிக்கிற ஜாய் மாதிரியேதான் இல்லையா?

எல்லாருக்கும் ஒரே முகம்!

டி.வி. தொடரில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த ஊர் சென்டருக்குப் போனாலும் ஒரே முகம், ஒரே ரோஸ் கலர் முடி, ஒரே பெயர். அக்கா தங்கை, சித்தி மகள், பெரியம்மா மகள் என்று குடும்பமே நர்ஸ்தானாம். ஆஷுக்கு யார் யார் என்றே அடையாளம் தெரியாது. ப்ராக் என்பவனுக்கு மட்டும் பார்த்ததும் தெரிந்துவிடும். அவன் வழிகிறான் என்று நாம சிரிப்போம்.

நான் யோசித்துப் பார்த்தேன். இதில் ஜாய்களைவிட நம்மைப் பற்றித்தான் அதிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாமும் அப்படித்தானே பார்க்கிறோம்? டாக்டர் என்றால் இன்ன டாக்டர் என்று பெயர் சொல்கிறோம். நர்ஸ் என்றால் எல்லாருமே 'நர்ஸம்மா'. வெள்ளை உடுப்பு மட்டும்தான் கண்ணில் படுகிறது, முகம் படவில்லை. நம்ம ஊருக்கு வருகிற நர்ஸ் அக்கா பெயர் என்ன என்று எங்கள் வகுப்பில் கேட்டேன். ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தெரிந்தது.

கேமில் இல்லாத வலி

இப்போது ஜாயிடம் எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். கேமில் எல்லாம் சில நொடியில் குணமாகிவிடுகிறது. தீப்புண்ணும் அப்படித்தான். 'பர்ன்' என்று ஒரு சின்ன எழுத்து வரும். மெஷினில் வைத்ததும் மறைந்துவிடும். நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், அது அப்படி மறையாது.

எங்க சித்தி ஒரு வெடி ஆபீஸுக்கு வேலைக்குப் போனார்கள். மருந்து உராய்ந்து பற்றி, வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. எத்தனையோ வாரம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார்கள். புண்ணைவிடக் கட்டுப் பிரிக்கிறதுதான் வலி என்பார்கள். அங்கே இருந்த ஒரு நர்ஸம்மா, துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்க மாட்டாராம். சலைன் ஊற்றி ஊற வைத்து, சித்தியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பாராம். விரல்களைச் சேர்த்துக் கட்டாமல் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கட்டுவாராம். சேர்த்துக் கட்டினால் ஒட்டிக்கொண்டு ஆறிவிடுமாம். "விரலை மடக்கி மடக்கி நீட்டுங்கக்கா. வலிக்குதுன்னு சும்மா வச்சிருந்தா அப்படியே மடங்கிப் போகும்" என்று சொல்வாராம். ஒரு நாள் சித்தி செய்யாமல் விட்டதற்கு நல்லாத் திட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

இன்றைக்கு எங்க சித்தி அந்தக் கையாலேயே எனக்கு ரெட்டைச் சடை பின்னி விடுகிறார்கள். சடை இறுக்கமாகவே இருக்கும். அந்த நர்ஸம்மா பெயர் என்ன சித்தி என்று கேட்டால், "கேட்காம வந்துட்டேன்டி" என்கிறார்கள்.

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தைப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். நாற்பது பேருக்கு நெருக்கமாகச் செத்துப் போனார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை. என்னவோ ஏதோ என்று பார்க்க ஓடினவர்கள், காப்பாற்ற ஓடினவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-ல் நம்ம சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இன்னொன்று. அதில் இருபது பேருக்கு மேல். இந்த இரண்டு நாளிலும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த நர்ஸுகள் என்னென்ன பார்த்திருப்பார்கள்! அடுத்த நாள் காலையிலும் டூட்டிக்குப் போயிருப்பார்களே!

முதலிப்பட்டியை நினைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றும். ஓடினவர்களுக்கு நல்ல மனசு இருந்தது. ஒரு ரூம் வெடித்தால் அடுத்த ரூமும் வெடிக்கும், தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அன்பு மட்டும் இருந்தால் போதாது, பயிற்சியும் வேண்டும். ஜாயிடம் இரண்டும் இருக்கிறது. அதனால்தான் அவரால் மற்றவர்களைக் காப்பாற்ற முடிகிறது.

"டாக்டருன்னு சொல்லு!"

'எதிர்காலத்தில் என்னவாகப் போகிறாய்?' என்ற கட்டுரையில் நான் நர்ஸ் என்று எழுதினேன். வீட்டுக்கு வந்த ஒரு உறவுக்காரர் அதைப் படித்துவிட்டு, "ஏன் தாயி, பெருசா நினைக்கக் கூடாதா? டாக்டருன்னு சொல்லு" என்றார். டாக்டர் பெரியவர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நர்ஸ் என்பது டாக்டராக முடியாதவர்கள் போகிற வேலை இல்லை. அது தனி வேலை.

இதை நானாகச் சொல்லவில்லை, திருவள்ளுவரே சொல்லியிருக்கிறார். 'மருந்து' என்ற 95-ஆவது அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். வைத்தியத்தை நாலு பங்காகப் பிரிக்கிறார். நோயாளி ஒரு பங்கு, வைத்தியர் ஒரு பங்கு, மருந்து ஒரு பங்கு. நாலாவது, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்கிறவர். அவருக்கு 'உழைச்செல்வான்' என்று பெயரே வைத்திருக்கிறார். ஒரு ரூபாயில் நாலணா என்று வள்ளுவர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாம்தான் அந்த நாலணாவைச் செல்லாக்காசு ஆக்கிவிட்டோம்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பற்றி எல்லாருக்கும் தெரியும். கிரிமியப் போரில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ராத்திரியில் காயம்பட்டவர்களைப் பார்த்தார் என்று படித்திருக்கிறோம். அவர் கணக்கில் கெட்டி என்பது பல பேருக்குத் தெரியாது. குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட அழுக்காலும் தொற்று நோயாலும் செத்தவர்கள்தான் அதிகம் என்பதை எண்ணிக் கணக்குப் போட்டு, படம் வரைந்து காட்டி, அரசாங்கத்தையே மாற வைத்தார். அவர் பிறந்த மே 12-ஐத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நம்ம தமிழ்நாட்டில் வேலூரில் ஆஸ்பத்திரி கட்டிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909-லேயே செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். நல்ல நர்ஸ் இல்லாமல் நல்ல ஆஸ்பத்திரி நடக்காது என்று அந்த டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஜாய் சம்பளம் வாங்கின மாதிரி கேமில் எங்கேயும் இல்லை. தூங்குகிற மாதிரியும் இல்லை. அது கேம், சரி. நிஜத்தில் நர்ஸுக்கும் வயிறு இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. 2017 நவம்பரில் சென்னையில் ஒப்பந்த செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் கூடிப் போராடினார்கள். 2015-ல் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்கள். அப்போது அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் சம்பளம். கொரோனா வந்தபோது எல்லாரும் கை தட்டினோம். கை தட்டினால் கடையில் அரிசி தருவார்களா? "சேவை, சேவை" என்று புகழ்ந்துகொண்டே கூலியைக் குறைப்பது மரியாதை இல்லை என்பது என் எண்ணம்.

பையன்களுக்கு ஒரு வார்த்தை

"நர்ஸ் வேலை பொம்பளப் பிள்ளைங்களுக்குத்தானே" என்று பின்பெஞ்சில் இருந்து ஒரு குரல் வந்தது. வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்று ஆண்பாலில்தான் எழுதியிருக்கிறார், கவனியுங்கள்! இன்றைக்கும் ஆண் செவிலியர்கள் இருக்கிறார்கள். 108 வண்டியில் டிரைவர் அண்ணனோடு முதலுதவி செய்யத் தெரிந்த ஒருவர் வருகிறாரே, அதுவும் நிறைய இடத்தில் அண்ணன்கள்தான்.

மேலே சொன்ன ப்ராக் கதைக்கு வருகிறேன். அவன் சண்டையில் சூரன், பாறை போக்கிமான்களை வைத்து ஜிம் லீடராக இருந்தவன். அதே ஆள்தான் வீட்டில் ஒரு பட்டாளம் தம்பி தங்கச்சிகளுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்தவன். கடைசியில் என்ன ஆக நினைக்கிறான்? சாம்பியன் ஆக இல்லை. ஒரு கப்பலில் விஷம் ஏறித் துடித்த போக்கிமான்களுக்கு வைத்தியம் பார்த்த பிறகு, போக்கிமான் டாக்டர் ஆவது என்று முடிவு செய்து ஆஷைப் பிரிந்து போகிறான். 2010-ல் ஜப்பானில் வந்த பாகம் அது. அவனுடைய குட்டிப் போக்கிமான் அந்த நேரத்தில்தான் சான்சியாக வளர்கிறது. அன்றைக்கு அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

என் கோரிக்கைகள்

வெறுமனே புகழ்ந்து எழுதினால் போதாது என்று நம்ம தமிழ் ஐயா சொல்வார். அதனால் தலைமையாசிரியர் அவர்களிடமும் உங்களிடமும் நாலு கோரிக்கை வைக்கிறேன்.

1. மாதம் ஒரு நாள், ஒரே ஒரு பீரியடு, நர்ஸ் அக்காவை அழைத்து முதலுதவி சொல்லிக் கொடுக்கச் சொல்ல வேண்டும். வெடி ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் அம்மா அப்பாவை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நாம். வேற ஊர்ப் பிள்ளைகளைவிட நமக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும்.

2. அதுவரைக்கும் இதை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். தீ சுட்டால் உடனே ஓடுகிற சுத்தமான தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டணும். மோதிரம், வளையல், கயிறு எல்லாத்தையும் வீங்குறதுக்கு முன்னாடியே கழற்றணும். இங்க், பேஸ்ட், மஞ்சள், எண்ணெய், ஐஸ் எதுவும் போடக் கூடாது. ஒட்டின துணியைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான துணியால் லேசாக மூடி, 108-க்குப் போன் செய்யணும். உடம்பில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருளணும். வெடி விபத்து நடந்த பக்கம் வேடிக்கை பார்க்கப் போகவே கூடாது.

3. நம்ம பள்ளியில் முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எல்லா வகுப்புக்கும் தெரிய வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அடிபட்ட பிறகு சாவி தேடக் கூடாது. போக்கிமான் சென்டருக்குப் பூட்டு கிடையாது.

4. நர்ஸ் ஆகணும் என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்து, அது பொண்ணோ பையனோ, யாரும் சிரிக்கக் கூடாது.

ஆஷ் ஊர் ஊராகச் சுற்றுவான், ஜெயிப்பான், போய்விடுவான். அவன் போன பிறகும் அந்தந்த ஊரில் இருந்து கதவைத் திறந்து வைத்திருக்கிறவர் ஜாய். அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அடுத்தவன் சண்டைக்கே இறங்குகிறான். நம்ம ஊரில் யாரும் சண்டைக்குப் போகவில்லை, கூலி வேலைக்குத்தான் போகிறார்கள். அவர்களுக்கும் அந்தத் தைரியம் வேண்டும்.

வர்ற புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துப் பக்கம் போனால், நர்ஸ் அக்காவிடம் முதலில் அவங்க பெயரைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலில் எழுதி வையுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி